ஒரு பாய்க்கு ஒரு பெயர்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகள் நம் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே இருந்த சமயம். ஆற்றோரமாக ஒரு ஒற்றையடிப் பாதை போனது. அதன் ஒரு முனையில் கோரைப்பாய் நெய்கிற பாய்க்குறிச்சி. அதைத் தாண்டினால் பானை வனைகிற குடத்தூர். அதையும் தாண்டினால் மணி வார்க்கிற வெங்கலப்பேரி. கடைசியில் ராணியின் கோட்டை.

பாய்க்குறிச்சியில் செண்பகம், ஆவுடை என்று இரண்டு ஓரகத்திகள். பாய் நெய்ய இரண்டு பேர் வேண்டும். மூத்தவள் செண்பகம் தறியில் உட்கார்ந்து அச்சை இழுத்து அடிப்பாள். இளையவள் ஆவுடை பக்கத்தில் குந்தி, கோரையைக் குச்சியில் மாட்டி நூலுக்குள் செலுத்துவாள். அடி, அடி, குச்சி. அடி, அடி, குச்சி. ஆனால் ஊர் வழக்கப்படி அச்சடித்தவள் பெயர்தான் பாய்க்கு. "செண்பகத்துப் பாய்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆவுடைக்கு அது பொறுக்கவில்லை. உங்களுக்கும் பொறுத்திருக்காது, சும்மா நல்லவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வருஷம் ராணி தன் மகள் கல்யாணத்துக்குப் பாய் கேட்டாள். அரண்மனைப் பாய் வண்டியில் போகக் கூடாது. நெய்தவர்களே தலையில் சுமந்து நடந்து, வழியில் ஒவ்வொரு ஊரிலும் விரித்துக் காட்ட வேண்டும். கைவேலை தெரிந்த அந்த ஊர்க்காரர்கள் பார்த்து நல்லது கெட்டது சொல்வார்கள். செண்பகமும் ஆவுடையும் கிளம்பினார்கள்.

வழியில் செண்பகம் ஆற்றில் தண்ணீர் குடிக்க இறங்கினாள். அப்போது புளியமரத்திலிருந்து ஒரு மந்திரவாதி குதித்தான். கையில் அரிசிப் பானை. அதை ஆவுடையின் வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்தான். உலை தளதளவென்று கொதித்தது.

"அடேயப்பா, இப்படி ஒரு வயிற்றெரிச்சலை நான் கண்டதே இல்லை. யார் மேலம்மா?" என்றான்.

ஆவுடை கொட்டித் தீர்த்தாள். அவன் ஒரு கறுப்புக் கயிற்றைக் கொடுத்து, பாயில் கட்டச் சொன்னான். முதல் பாராட்டில் நெய்தவள் பேச்சு போகும். இரண்டாவதில் பார்வை போகும். மூன்றாவதில் அவள் கல்லாகிப் போவாள்.

"என் மந்திரம் ஒரே ஒருத்தியைத்தான் பிடிக்கும். பாய் நெய்தவள் பேரைச் சொல்லு."

ஆவுடை ஆற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "செண்பகம்" என்றாள். கயிற்றையும் கட்டிவிட்டாள்.

குடத்தூரில் பாயை விரித்தார்கள். குயவர்களில் மூத்தவரான பெரிய வேளார் தடவிப் பார்த்து, "செண்பகத்துக் கையே கை" என்றார். செண்பகம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஆவுடைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அந்தக் குளிர்ச்சி வெங்கலப்பேரி வரைக்கும்தான். மணி வார்ப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, வாய் பேசாத பெண்ணா இதை நெய்தாள் என்று இரண்டு மடங்கு புகழ்ந்தார்கள். அவளுக்கு மோர் கொடுத்தார்கள். ஆவுடையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பேச்சுப் போயும் இவளுக்குத்தானா என்று ஆவுடை பொருமினாள். அதற்குள் செண்பகத்தின் கண் இருண்டது.

மிச்ச வழிக்கு ஆவுடை முன்னால் பாயைச் சுமந்து நடக்க, செண்பகம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தடுமாறி வந்தாள். பயத்தை அடக்கத்தானோ என்னவோ, செண்பகத்தின் விரல்கள் தோளில் தட்ட ஆரம்பித்தன. அடி, அடி, அப்புறம் ஒரு நிறுத்தம். அடி, அடி, நிறுத்தம். முதலில் ஆவுடைக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த நிறுத்தம் அவளுடைய குச்சிக்கானது. பேச்சும் பார்வையும் போன பிறகும் செண்பகம் அவள் குச்சிக்குக் காத்திருந்தாள்.

ஆவுடை நடுப்பாதையில் உட்கார்ந்து அழுதாள். கயிற்றை அவிழ்த்துப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள், கல்லால் நசுக்கிப் பார்த்தாள். கயிறு அசையவில்லை. திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது கோட்டைக் காவலர்கள் பார்த்துவிட்டார்கள். இருவரையும் நேரே ராணி முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பாயை விரித்தார்கள்.

"இப்படி ஒரு பாயை நான் பார்த்ததே இல்லை" என்றாள் ராணி.

செண்பகத்தின் பாதம் கல்லானது. கணுக்கால் கல்லானது. ஆவுடை பாய் மேலேயே ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"தாயே, கோரை செலுத்துனது நான். இந்தப் பாயில பாதி என்னுது. அந்தப் பாராட்டுல பாதி எனக்கு வரணும்."

வாழ்நாளெல்லாம் அவள் சொல்ல ஏங்கிய வார்த்தை அதுதான். சொன்னதுமே அவள் பாதமும் கல்லானது. இரண்டு பேர் முழங்கால் வரைக்கும் கல் ஏறியது. ஒரே ஒருத்தியைப் பிடிக்கத் தெரிந்த மந்திரம் அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. கல் படபடவென்று வெடித்து உதிர்ந்தது. மந்திரம் போக்கிடம் இல்லாமல் புளியமரத்துக்கே திரும்பிப் போய் மந்திரவாதியைக் கல்லாக்கியது.

செண்பகத்துக்குக் கண்ணும் பேச்சும் வந்தன. ஆவுடை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டாள். செண்பகம் ராணி இருப்பதையும் மறந்து அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"ஏட்டி, இவ்வளவு எரிச்சலை வயித்துல வச்சிக்கிட்டு எம் பக்கத்துலயேதான் குந்தியிருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ சிரிப்பியோன்னு நெனச்சேன்க்கா."

ராணி இருவருக்கும் சரிசமமாகப் பொன்னும் பட்டும் கொடுத்தாள். இனி எந்தப் பாய்க்கும் இரண்டு பெயர் என்று நாடெங்கும் பறையறையச் சொன்னாள்.

திரும்பும் வழியில் வெங்கலப்பேரிக்காரர்கள் ஓடிவந்து, "ஆவுடை, செண்பகம் நெய்த பாய்" என்று கொண்டாடினார்கள். தன் பெயர் இரண்டாவதாக வந்ததைக் கேட்டதும் செண்பகத்துக்கு வயிற்றில் லேசாகச் சுருக்கென்றது. அவள் அதை ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஆவுடையிடம் சொல்லிவிட்டாள்.