பருப்பு வேகாத நாள்

கடலோரத்துக் கரையடியூரில் எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். கோயில் கிணறும் அப்படியே. அந்த நீரில் துவரம்பருப்பைப் போட்டால் விறகு தீருமே தவிரப் பருப்பு வேகாது. ஆகவே கரையாளீசரின் மடப்பள்ளிக்கு இரண்டு கல் தொலைவில் உள்ள மணல் ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் வரவேண்டும். அதைச் சுமந்தவர் சடையாண்டியார். விடியுமுன் ஊற்றுக்குழியில் இறங்கி, கசிவதைச் சிரட்டையால் மொண்டு இரண்டு குடங்களை நிறைத்துக் காவடியில் தூக்கி வருவார். சிரட்டைக்கு ஒரு முறை 'சிவசிவ' என்பார். கூலி, கோயிலில் அளந்து தரும் ஒரு பட்டைச் சோறு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரிடமாவது நல்ல குணத்தைக் கண்டால் அவரிடமே அதைச் சொல்லிவிடுவார். ஊராருக்கு இது பொறுக்கவில்லை. காரியம் இல்லாமல் ஒருவன் புகழுவானா? தோட்டத்தில் கண் வைக்கிறார் என்று ஒருவர் வேலியை உயர்த்திக் கட்டினார். கண்ணேறு படும் என்று இன்னொருவர் அவர் வரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டார். சந்தேகப்படுவதற்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை.

கோயில் நிர்வாகத்தைப் பார்த்த மணியம் உடையணசாமி எல்லோரையும் மிஞ்சியவர். ஒருநாள் அவரிடம், "மாலையில ஒரு பூ குறைஞ்சாலும் ஐயாவுக்குத் தெரிஞ்சுபோகுது. சாமி காரியத்துல அம்புட்டு அக்கறை" என்றார் சடையாண்டியார். எதையோ மறைக்கத்தான் இவன் குழைகிறான் என்று மணியத்துக்குப் பட்டது. தண்ணீர் தூக்குகிறவன் இப்படித் தலை நிமிர்ந்து நடப்பதும் அவருக்கு உறுத்தியது. ஊற்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயில் கிணற்றிலேயே மொள்கிறானோ என்று வேவு பார்க்கத் தொடங்கினார்.

ஆனித் திருமஞ்சனத்தன்று மடப்பள்ளியில் பருப்பு வேகவில்லை. படையல் தாமதப்பட்டது. மணியம் எதிர்பார்த்திருந்தவர்போல் வந்து நின்றார்.

"கோயில் கெணத்துலதான மொண்ட? இன்னையோட காவடிய எறக்கி வச்சிரு."

அந்தக் காவடி போனால் சடையாண்டியாருக்கு உயிர் போனதுபோல. "ஊத்துத் தண்ணிதான் ஐயா" என்றார்.

"யாரு சாட்சி?"

"மடப்பள்ளிச் சாமிதான். உலையில தண்ணி ஊத்துனவரு அவரு. அவருக்குப் பொய் சொல்ல வராது."

மடப்பள்ளியில் சமைத்த ஐயாவையர் அடுப்பருகே நின்றிருந்தார். நெய் திருடுகிறார் என்று இருபது வருடமாக அவரை ஊர் முணுமுணுத்திருக்கிறது. பொய் வராது என்று யாரும் சொன்னதில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னே வந்தார்.

"தண்ணி மேல பழி போடாதீங்கோ. அவசரத்துல புளியை முன்னாடியே கரைச்சு ஊத்திட்டேன். புளி விழுந்தா பருப்பு எப்படி வேகும்? சொன்னா வேலை போயிடுமேன்னு வாயை மூடிண்டிருந்தேன்" என்றார்.

மணியம் சிரித்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களாக்கும்" என்றவர், புதிதாக இரண்டு பானைகளை ஏற்றச் சொன்னார். ஒன்றில் சடையாண்டியார் குடத்தில் மிச்சமிருந்த நீர். மற்றதில் மணியமே இறைத்த கிணற்று நீர். "ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சுன்னா நீ கள்ளன்" என்று சொல்லி அடுப்பைவிட்டு அகலாமல் உட்கார்ந்துகொண்டார். சடையாண்டியார் கண்களை மூடிச் சிவசிவ என்றார்.

மூடியைத் திறந்தார்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இரண்டு பானையிலும் பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது.

யாரோ பானையை மாற்றிவிட்டதாகவே மணியம் நினைத்தார். கிணற்றுக்கு ஓடி, இறைத்துக் குடித்துப் பார்த்தார். இனித்தது. மறுபடி இறைத்தார். அதுவும் இனித்தது. மூன்றாவது வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

"நீ நிமிந்து நடந்தத திமிருன்னு நெனச்சேன்யா. அது நம்பிக்கைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அடியார் கைகளைப் பற்றிக்கொண்டார்.

ஊரே கிணற்றைச் சூழ்ந்து கூத்தாடியது. சடையாண்டியார் மட்டும் சந்நிதிக்குப் போய் விம்மினார். கோயிலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் வந்தபின் ஊற்றுக்கு எதற்குப் போவது? "என் வேலைய நீயே எடுத்துக்கிட்டியே அப்பனே" என்றார்.

மறுநாள் விடியலில் ஐயாவையர் கிணற்று நீரை வாயில் விட்டுத் துப்பினார். பழையபடி உப்பு. மணியமும் ருசி பார்த்தார். இந்த முறை அவர் யாரையும் சந்தேகிக்கவில்லை. விறுவிறுவென்று சடையாண்டியாரின் குடிசைக்குப் போய், "எந்திரிங்க. சாமி ஒங்கள வேலைக்குக் கூப்புடுறாரு" என்றார்.

கிணற்றை ஒரு நாள் இனிக்கச் செய்து அடியாரை ஊருக்குக் காட்டினார் கரையாளீசர். மறுநாள் கரிக்கச் செய்து அவரைத் தமக்கே வைத்துக்கொண்டார். பிறரிடம் நல்லதையே கண்ட சடையாண்டியாரின் பெருமை சொல்லில் அடங்குமோ.