முயல்கூண்டின் முன் முழங்காலிட்டவர்

விடியற்காலை மணியடிக்கும் முன், கயிற்றைப் பிடித்தபடியே கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்வார். பிறகுதான் இழுப்பார். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் ஆலயத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடித்து வந்த கோயில்குட்டியார் ஞானசிகாமணி அவர்களின் நாள் அப்படித்தான் தொடங்கும். மாலையில் வீட்டில் குடும்ப ஜெபம். வேதத்தை வரிசையாக வாசிப்பார். வாயில் நுழையாத பெயர் வந்தாலும் தாண்டமாட்டார். மனைவி பாக்கியத்தாயார் பக்கத்தில் அமர்ந்து கேட்பார். ஒரே மகள் ரூபி காய்ச்சலில் போனபிறகு, மோட்சத்தில் அவளைக் காண்போம் என்ற வேதத்தின் வாக்குத்தான் அந்த அம்மாளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வேதத்தில் லேவியராகமப் பகுதி. முயல் அசைபோடும் என்ற இடம் வந்ததும், விருந்துக்கு வந்திருந்த அம்மாளின் தம்பி ஜெயசிங் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர்.

“முயலு எங்க அத்தான் அசபோடுது? மாட்டுக்கு இருக்கிற மாதிரி வயிறு அதுக்குக் கிடையாது. ஒங்க வேதம் சும்மா அளக்குது.”

பேச்சு ஊரெல்லாம் பரவியது. கடைத்தெருவில், “முயலு அசபோட்டு முடிச்சிட்டா?” என்று கேலி செய்தார்கள். அடியார் ஞானசிகாமணி சிரித்துக்கொண்டே போனார். ஆனால் மறுநாள் ஜெபத்துக்கு அம்மாள் வரவில்லை.

“முயலு விசயத்துலயே தப்புன்னா, எம்புள்ளயப் பாப்பேன்னு சொன்னது மட்டும் நெசமா?” என்று கேட்டார்.

இதுதான் அடியாரை உலுக்கிவிட்டது. எபிரெயம் படித்த குருவானவரிடம் ஓடினார். அவர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். “மூலத்துல, விழுங்கினத மறுபடி எடுக்கும்னு அர்த்தம் வருது. மாடு மாதிரியேன்னு சொல்லல. முயல் அத எப்படிச் செய்யும்னு எனக்கும் தெரியலையே!” என்றார்.

அடியார் இதை மனைவியிடம் அப்படியே ஒப்பித்தார். “அப்ப எப்படித்தான் எடுக்குமாம்?” என்றார் அம்மாள். அடியார் சந்தையில் ஒரு முயலை வாங்கிவந்து கூண்டில் அடைத்து, அது எப்படி எடுக்கும் என்று பார்க்க அதன் முன் முழங்காலிட்டார். “எனக்காக இல்ல ஆண்டவரே, அவளுக்காக” என்று மன்றாடினார். முயல் வாயை அசைத்ததும் துள்ளிக் குதித்தார். அது வெறுமனே மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாளோ அதற்கு முருங்கையிலை போட்டுப் பிள்ளையைப் போல வளர்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு காலையில் முயல் குனிந்து, தன் புழுக்கையையே வாயில் எடுத்து விழுங்கியது. அம்மாள் அலறினார். இருவரும் முயலை ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு ஜெயசிங்கிடம் ஓடினார்கள்.

“மாப்ள, பெரிய சீக்கு போலிருக்கு. ஒரு ஊசி போடுங்க.”

“சீக்கெல்லாம் இல்ல அத்தான். முயலுன்னா அப்படித்தான். தின்னது ஒரு தடவையில முழுசாச் செரிக்காது. வெளிய வந்தத மறுபடி எடுத்து முழுங்கும். அப்பத்தான்...” சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“என்னல சொன்ன? மறுபடி எடுக்குமா? இன்னொருக்கச் சொல்லு” என்றார் பாக்கியத்தாயார்.

அடியாருக்கு மார்தட்டத் தோன்றவில்லை. “அப்ப ஊசி வேண்டாமா மாப்ள?” என்றுதான் கேட்டார்.

அன்று மாலை ஜெபத்துக்கு அம்மாள் வந்து அமர்ந்தார். மகள் போனதிலிருந்து வாய்விட்டு ஜெபிக்காதவர், “ஆண்டவரே, நாங்க வாறவரைக்கும் ரூபிய நல்லாப் பாத்துக்கோங்க” என்றார். அடியார் பிள்ளையைப் போலத் தேம்பினார்.

சிரித்தவரின் வாயையே சாட்சியாக்கித் தம் அடியாருக்குப் பதில் தந்தார் ஆண்டவர். மனைவியின் கண்ணீருக்காக ஒரு முயலின் முன் காத்துக்கிடந்த அந்த எளியவரின் அன்பு நம் வீடுகளிலும் இருக்கட்டும்.