நீல மூடிப் பாட்டில்

தாமிரபரணிக் கரையில் ஓர் அரசுக் கல்லூரி. அதன் தாவரவியல் ஆய்வகத்தில் முப்பத்தினாலு வருஷம் உதவியாளராக இருந்தவர் பூவலிங்கம். மே மாதக் கடைசியில் மாலை போட்டு, சால்வை போர்த்தி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதப் பாதியில் அதே கல்லூரிக்கு ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தார். தாவரவியல் முதலாம் ஆண்டு மாணவராக.

முதல் வகுப்பு தமிழ். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துப் பேராசிரியர் பாடத்தை நிறுத்தினார்.

"சர்குலரா அண்ணாச்சி?"

"இல்ல சார். கிளாஸுக்கு வந்திருக்கேன்."

"கிளாஸுக்கு என்ன வேணும்? சாக்பீஸ் இருக்கே."

"ஒண்ணும் வேண்டாம் சார். உக்காரணும்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டு, முன் பெஞ்சில் இடம் காட்டினார். பூவலிங்கம் எல்லாரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அறுபது வயதுக்காரருக்கு இடம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. பிளஸ் டூவைத் தனியாக எழுதித் தேறியிருந்தார், அது சரி. வயதுக்குத்தான் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதற்காகத் துறைத்தலைவர் மெஹருன்னிசா கோப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை சென்னைக்கு ரயில் ஏறினார். பூவலிங்கத்தைவிட இருபது வயது இளையவர். இதே கல்லூரியில் படித்து, இதே கல்லூரிக்கு ஆசிரியையாக வந்தவர்.

அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்று பூவலிங்கம் கேட்டார்.

"மேடம், எனக்காக எதுக்கு இவ்வளவு அலைச்சல்?"

"போய் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடுங்க அண்ணாச்சி" என்றார் மெஹருன்னிசா.

பூவலிங்கம் பழுப்புத் தாளில் அட்டை போட்டார். லேபிளில் தன் பெயரை எழுதி, அடியில் 'முதலாம் ஆண்டு' என்று எழுதி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார். முப்பத்தினாலு வருஷமாக மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கடுக்காக நெஞ்சில் அணைத்துத் தூக்கிப் போனவர் அவர். அந்த அடுக்கில் ஒன்றில் தன் பெயர் இருந்து ஒருநாள் பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். வீட்டில் மனைவியிடம்கூட அதற்குமேல் காரணம் சொன்னதில்லை.

தாவரவியல் வகுப்புகளில் அவருக்குப் பெரிய சிரமம் இல்லை. பக்கத்துத் தயாரிப்பு அறையில் பாட்டில் கழுவிக்கொண்டே சுவர் வழியாகக் கேட்ட பாடம்தான். ஆய்வகம்தான் சிரமமாக இருந்தது. மணி அடித்தால் எழுந்து ஜன்னல்களைத் திறக்கப் போவார். யாராவது "தண்ணி" என்றால் குடத்தைத் தேடுவார். அங்கிருந்த ஸ்டூல்களில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வேலையில் இருந்த காலத்தில் கால் கடுத்தால் தயாரிப்பு அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். இப்போது மாணவராகியும் மேசை ஓரம் நின்றபடியேதான் படம் வரைந்தார்.

"தாத்தா, உக்காந்தா ஸ்டூலு கடிச்சிருமா?" என்பாள் பக்கத்து மேசைப் பிரிஸ்கில்லா.

"நீ உக்காரு தாயி. எனக்கு இப்பிடித்தான் வசதி."

நவம்பரில் செய்முறைத் தேர்வு. அதற்கு முந்தின வாரம் மெஹருன்னிசா ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். நீள மேசையில் பெயர் ஒட்டாத பத்துப் பாட்டில்கள். உள்ளே ஃபார்மலின் மருந்தில் ஊறிய செடி, பாசி, காளான் வகைகள். ஒவ்வொரு பாட்டில் முன்னாலும் இரண்டு நிமிஷம் நின்று, அது என்னவென்று அடையாளம் கண்டு, எப்படிக் கண்டோம் என்று காரணமும் எழுத வேண்டும். தொடக்கூடாது. மணி அடித்தால் அடுத்த பாட்டிலுக்கு நகர வேண்டும்.

எத்தனையோ வருஷம் அந்த மணியை அடித்தவர் பூவலிங்கம். முதல் மணிக்கு அவர் கை தானாக மேசைக்கு அடியில் மணியைத் தேடியது. பிறகுதான் பேனாவைப் பிடித்தது.

முதலில் நீல மூடிப் பாட்டில். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது மார்கான்ஷியா, ஈரத்தரையில் படரும் சிறு செடி. எழுதினார். காரணம் நோட்டில் மனப்பாடமாக இருந்தது: 'மேல்புறத்தில் சிறு கிண்ணங்கள் காணப்படுகின்றன.' எழுதினார். அடுத்தது வாய் உடைந்த பாட்டில். அது சர்காசம், கடல்பாசி. அதையும் எழுதினார். பின்னால் வரிசையில் நின்ற பிரிஸ்கில்லா கிசுகிசுத்தாள்.

"தாத்தா, பாக்கவே இல்ல, அதுக்குள்ள எழுதிட்டீங்க?"

"நம்ம வீட்டுச் செம்பு எதுன்னு உத்துப் பாத்தா கண்டுபிடிப்பே?"

"பேசாதீங்க" என்றார் மெஹருன்னிசா.

ஒவ்வொன்றுக்கும் சட்டென்று எழுதிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அத்தனை சந்தோஷமாக அவரை அந்த அறை பார்த்ததில்லை.

மறுநாள் பேப்பர் வந்தது. பத்துக்கு ஒன்று.

பிரிஸ்கில்லா எட்டிப் பார்த்தாள். "என்ன தாத்தா இது, ஃபர்ஸ்ட் கேள்விக்கு மார்கான்ஷியான்னு எழுதியிருக்கீங்க?"

"நீல மூடிலா அது?"

"நீல மூடிக்குள்ள காளான்லா இருந்துச்சு! எங்க அக்கா பிள்ளைக்கு மூணு வயசு. அதுகூடக் காளான்னு சொல்லும்."

மேசைகள் எல்லாம் சிரித்தன. அவள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளே அடங்கிவிட்டாள்.

அவருடைய இடத்துக்குப் புதிதாக வந்திருந்த உதவியாளர் பேச்சியம்மாள் தயாரிப்பு அறை வாசலில் நின்று கையைப் பிசைந்தாள்.

"அண்ணாச்சி, போன மாசம் மருந்து மாத்தும்போது எல்லாப் பாட்டிலையும் கழுவினேன். கைக்கு வந்த பாட்டில்ல கைக்கு வந்ததப் போட்டு வச்சேன். நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

"நல்லதுதாம்மா" என்றார் பூவலிங்கம்.

வருஷா வருஷம் மருந்து மாற்றியபோதெல்லாம் அதனதன் பாட்டிலுக்கே அதனதைத் திருப்பிப் போட்டவர் அவர். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. சரியாக எழுதிய அந்த ஒன்றும் எப்படி என்று விசாரித்தார். அந்த ஒரு பாட்டிலின் மூடி மட்டும் இறுகிப்போய்ப் பேச்சியம்மாளால் திறக்க முடியவில்லையாம்.

அன்று மதியம் மூன்று மணிக்குத் துறைத்தலைவர் அறைக்குப் போனார். கையில் டி.சி. கேட்டு ஒரு விண்ணப்பம், கூடவே அந்தத் தேர்வுத் தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

மெஹருன்னிசா வாசித்தார். "இந்த அனுமதி ஒரு தடவதான் அண்ணாச்சி. விட்டுட்டுப் போனா திரும்பக் கிடைக்காது. தெரியும்லா?"

"தெரியும் மேடம். நீங்க எனக்காக அலைஞ்சது வீணாப்போச்சு. அதான் மனசு கேக்கல."

"ஒரு டெஸ்டுல மார்க் கொறைஞ்சா எல்லாரும் டி.சி. வாங்கினா இந்தக் காலேஜுல வாட்ச்மேன் மட்டும்தான் மிஞ்சுவாரு."

பூவலிங்கம் சிரிக்கவில்லை.

"மார்க்குக்கு இல்ல மேடம். முப்பத்தினாலு வருஷம் அந்த ரூம்ல இருந்திருக்கேன். எனக்குப் பாட்டில்தான் தெரிஞ்சிருக்கு. கண்ணு முன்னால காளான் நிக்கு, கடல்பாசி நிக்கு. பாக்கத் தெரியலயே. இனி இந்த வயசுல எங்க போயிப் பாக்கக் கத்துக்கிட?"

மெஹருன்னிசா அவருடைய தேர்வுத் தாளைப் புரட்டினார்.

"கிண்ணங்கள் காணப்படுகின்றனன்னு எழுதியிருக்கீங்க. யார் கண்டா?"

பூவலிங்கம் தலை குனிந்தார்.

"வாங்க" என்று எழுந்தார் மெஹருன்னிசா. விண்ணப்பத்தைப் பூவலிங்கத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்து அப்புறம் போடுதேன்."

ஆய்வகத்தில் யாரும் இல்லை. மெஹருன்னிசா நேராக அலமாரிக்குப் போனார். வாய் உடைந்த பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்தார்.

"குடுங்க மேடம், குடுங்க. மருந்து கண்ண எரிக்கும்." பூவலிங்கம் ஓடி வந்தார்.

"எனக்குந்தான் இருபது வருஷமா எரியுது. நகருங்க."

ஜன்னல் பக்கத்து மேசைக்குக் கொண்டுவந்தார். வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, உள்ளே இருந்ததை இடுக்கியால் மெதுவாக எடுத்து அதில் விட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க."

"இருக்கட்டும் மேடம்."

"நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது. குனிஞ்சு பாக்கணும். உக்காருங்க."

பூவலிங்கம் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார், எந்நேரமும் எழுந்துவிடுகிறவர் போல.

"என்ன இது?"

"தெரியல மேடம்."

"பேர் கேக்கல. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். சுருண்டு கிடந்தது தண்ணீரில் மெல்ல விரிந்தது.

"பட்டையா இருக்கு. எலயும் இல்ல, தண்டும் இல்ல. ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது."

"ம்."

"நடுவுல கோடு ஓடுது. அடியில மயிரு மாதிரி என்னமோ இருக்கு."

"ம்."

பூவலிங்கம் இன்னும் குனிந்தார். முகம் தட்டுக்கு வெகு பக்கத்தில் போனது. ஸ்டூலில் முழுசாக உட்கார்ந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

"மேடம்."

"சொல்லுங்க."

"கிண்ணம்."

"எங்க?"

"இந்தா. இந்தா ஒண்ணு. குட்டிக் கிண்ணம். விளிம்புல பல்லு பல்லா இருக்கு. உள்ள கடுகவிடச் சின்னதா என்னமோ... யார் செஞ்சு வச்சது மேடம் இத?" நிமிர்ந்தார். "இதுவா மார்கான்ஷியா?"

"இதுதான்."

பூவலிங்கத்தின் கண் தட்டை விட்டு நகரவில்லை. பாட்டிலின் வெளிப்புறம் சொட்டிய மருந்து மேசையில் ஓடியது. அவர் கை, பழக்கத்தில், அகப்பட்டதை எடுத்து அதைத் துடைத்தது. மூலைவரை சுத்தமாகத் துடைத்தது. அவர் கையில் இருந்தது டி.சி. விண்ணப்பம். மெஹருன்னிசா பார்த்தார். தடுக்கவில்லை.

"வருஷா வருஷம் தூக்கிட்டு வந்திருக்கேன் மேடம். கழுவியிருக்கேன், மருந்து மாத்தியிருக்கேன். ஒரு நாளாவது மூடியத் தாண்டிப் பாத்திருக்கலாம்லா?"

மெஹருன்னிசா இன்னொரு ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"நான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது பிராக்டிகல் அன்னிக்குக் காலையில பஸ்ஸுல என் கண்ணாடி உடைஞ்சுபோச்சு. கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. அழுதுக்கிட்டே பாட்டில் முன்னால நிக்கேன். வெளியூர்லருந்து வந்த எக்ஸாமினர் கையில வாட்ச்ச வச்சுக்கிட்டு நிக்காரு. பக்கத்துல போயிக் குனிஞ்சா 'தள்ளி நில்லும்மா'ங்காரு. அப்ப நீங்க துணியோட வந்தீங்க. பாட்டில்ல தூசின்னு சொல்லி எடுத்துத் துடைச்சீங்க. துடைச்சிட்டு, பழைய இடத்துல வைக்கல. என் மூக்குக்கு முன்னால, ஜன்னல் வெளிச்சத்துல, ஒரு நிமிஷம் அப்படியே தூக்கிப் பிடிச்சிட்டு நின்னீங்க."

"நானா?"

"நீல மூடி."

பூவலிங்கம் யோசித்தார். "பாட்டில் ஞாபகம் இருக்கு. மூடில அப்பவே ஒரு கீறல் உண்டு. உங்கள ஞாபகம் இல்லயே மேடம்."

"உங்களுக்கு எப்பிடி இருக்கும்? எத்தன பேருக்குத் தூக்கிப் பிடிச்சீங்களோ."

வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். பூவலிங்கத்தின் கண்ணாடி பனித்திருந்தது. கழற்றித் துடைக்கக் கையிலிருந்த தாளை எடுத்தார். அது மருந்தில் நனைந்து, எழுத்தெல்லாம் கரைந்து, கையோடு கிழிந்து வந்தது. அப்போதுதான் அது என்னவென்று பார்த்தார். மெஹருன்னிசாவைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி மேசைக்கடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார்.

"இன்னும் ஒம்பது இருக்கு மேடம். அடுத்த வாரம் பரீட்ச. அதையும் பாத்திரட்டுமா?"

மெஹருன்னிசா எழுந்து அலமாரிக்கு நடந்தார். அவர் எழுந்ததும் பூவலிங்கமும் சட்டென்று எழுந்து, பின்னாலேயே இரண்டு எட்டு வைத்துக் கையை நீட்டினார்.

நீல மூடிப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு மெஹருன்னிசா திரும்பினார்.

"நீங்க தூக்கிட்டு நின்னீங்க அண்ணாச்சி, நாங்க பாத்தோம். இப்ப போயி உக்காருங்க. நான் கொண்டு வாரேன்."