மாதுளையின் சிவப்புக் கம்பளிச் சட்டை

சோலைக்காட்டின் ஓரத்தில், கம்பிவேலி போட்ட ஒரு மலைத்தோட்டத்தில், ஐந்து கோழிகளும் ஒரு சேவலும் வாழ்ந்து வந்தன. அவற்றை வளர்த்தவர் சுகிர்தம் அம்மாள். முட்டைக்காகவோ கறிக்காகவோ அவர் கோழி வளர்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, பெயர் சொல்லி அழைத்து, செல்லமாகவே வளர்த்தார்.

காட்டுக்குள் ஒரு செங்கீரி இருந்தான். அவன் பெயர் மெழுகன். அந்த ஓராண்டில் மூன்று முறை அவன் அந்தக் கோழிகள்மேல் பாய்ந்திருந்தான். மூன்று முறையும் அவன் வாயில் அகப்பட்டவை இறகுகள் மட்டுமே. பிடிபட்ட கோழி ஓர் உதறு உதறும், இறகுகள் கற்றையாகக் கழன்று வந்துவிடும், கோழி ஓடிவிடும். கடைசி முறை, சாம்பலி என்னும் கோழியின் வால் முழுவதும் அவன் வாயோடு போயிற்று. சாம்பலி உயிரோடு வீடு திரும்பினாள். மெழுகனோ மூக்கில் இறகு ஏறி, பொழுது சாயும்வரை தும்மிக்கொண்டிருந்தான்.

ஐப்பசி பிறந்தது. இறகு உதிரும் பருவமும் வந்தது. ஆண்டுதோறும் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைப்பது கோழிகளுக்கு இயல்பு. மற்றக் கோழிகளுக்குச் சிறிது சிறிதாக உதிர்ந்தது. மாதுளை என்னும் செங்கோழிக்கு மட்டும் ஒரே வாரத்தில் கழுத்தும் முதுகும் வெறுந்தோலாகிவிட்டன. தன் இறகின் நிறத்தைப் பற்றி அந்தத் தோட்டத்தில் மிக அதிகமாகப் பேசியவளும் அவள்தான்.

"அடி மாதுளை! யாரோ குழம்பு வைக்கத் தொடங்கிவிட்டுப் பாதியில் மறந்துபோனது போல இருக்கிறாயே!" என்றாள் சாம்பலி.

"முதலில் திரும்பி உன் வால் இருக்கிறதா என்று பார்!" என்றாள் மாதுளை.

"என் வால் போருக்குப் போய்த் தொலைந்தது. உன் இறகு படுத்துத் தூங்கும்போதே தொலைந்தது!"

எல்லாக் கோழிகளும் கொக்கரித்துச் சிரித்தன. முரசு என்னும் சேவல்கூடச் சிரித்தான். மாதுளை தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அன்று முழுவதும் அவள் இரை எடுக்க வரவில்லை. குளிரைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளை அதிகம் நடுக்கியது.

சுகிர்தம் அம்மாள் அவளைத் தூக்கிப் பார்த்தார். "ஐயோ, என் கண்ணே! எலும்பெல்லாம் குளிர்ந்து கிடக்கிறதே! உனக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டால்தான் சரி!" என்றார்.

நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசியை எடுத்தார். சிவப்புக் கம்பளி நூலை எடுத்தார். வளையத்துக்குள் வளையம் கோத்து, வரிவரியாக, வயிற்றில் தொடங்கிக் கழுத்து வரைக்கும் பின்னினார். மூன்றாம் நாள் சட்டை உருவாயிற்று. இறக்கை நுழைய இரண்டு துளைகளும் அதில் இருந்தன. கழுத்துக்கு வரும்போது சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது.

"மஞ்சள் நூல் வாங்கி வந்து கழுத்துப்பட்டை வைக்கிறேன். அதுவரை இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, நூலின் நுனியை இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போட்டுவிட்டார். ஒரு விரல் நீள நூல் மாதுளையின் கழுத்தோரம் தொங்கியது.

மாதுளை தோட்டத்தை நான்கு முறை சுற்றி வந்தாள். ஒரு முறை போதுமானது. மற்ற மூன்றும் சாம்பலிக்காக.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள்.

"கழுத்தில் நூல் தொங்குகிறது" என்றாள் சாம்பலி.

"அதைத் தவிர வேறொன்றும் உன் கண்ணில் படவில்லையா?"

"நீ பட்டாய். உன்னைச் சொன்னால் கோபித்துக்கொள்வாய்!"

சட்டையில் உள்ள தொல்லைகள் இரண்டே நாளில் தெரிந்தன. குளிர் காற்று வந்தால் கோழிகள் உடலைச் சிலிர்த்து இறகுகளை உப்பவைத்துக்கொள்ளும். அந்த உப்பலே அவற்றுக்குப் போர்வை. மாதுளையிடம் மிஞ்சியிருந்த இறகுகளைச் சட்டை அமுக்கிப் பிடித்திருந்ததால் அவளால் சிலிர்க்க முடியவில்லை. மற்றக் கோழிகள் புழுதியில் புரண்டு குளித்தன. அவளால் புரள முடியவில்லை. பனி பெய்தால் கம்பளி நனைந்து கனத்தது. தோலில் ஏதோ குத்தியது, இடைவிடாமல் அரித்தது. ஆயினும் மாதுளை வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் சாம்பலி சிரிப்பாளே!

அப்படி அவள் வேலியோரம் தனியே நின்றபோதுதான் மெழுகன் வந்தான். மாதுளை திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

"பயப்படாதே, அம்மா! நடுவில் கம்பிவேலி இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான் அவன்.

"என்ன வார்த்தை?"

"இந்தக் காட்டில் மயில் இருக்கிறது; மரகதப் புறா இருக்கிறது. இப்படி ஓர் உடையை நான் யார்மேலும் பார்த்ததில்லை!"

மாதுளை தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தாள். "உண்மையாகவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? சற்றே திரும்பு. ஆகா! எவ்வளவு நெருக்கமான பின்னல்! இழுத்தால் கழன்று வருமா?"

"வரவே வராது! அம்மாள் அவ்வளவு உறுதியாகப் பின்னியிருக்கிறார்!"

"வராதா? நல்லது. மிகவும் நல்லது!" என்றான் மெழுகன். அவன் நாக்கு உதட்டை ஒரு முறை தடவிக்கொண்டது. "உன் தோழிகளுக்கும் ஆளுக்கொன்று இருந்தால் எவ்வளவு சிறப்பாக இருக்கும்! பாவம், அவர்கள் மட்டும் ஏன் வெறும் இறகோடு திரிய வேண்டும்?"

மறுநாள் மாதுளை தோழிகளிடம் ஒரு யோசனை சொன்னாள். அம்மாள் வரும்போது எல்லோரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடுங்குவது போல நிற்க வேண்டும். மூன்று கோழிகள் அப்படியே நின்றன. அம்மாள் மனம் உருகி, அளவு நாடாவைக் கொண்டு வந்தார். சாம்பலி மட்டும் அந்த நாடாவைக் கொத்திவிட்டுக் கூண்டின் கூரைமேல் ஏறிக்கொண்டாள். முரசு அளவெடுக்கவே இடம் கொடுக்கவில்லை. "மார்பை மூடிக்கொண்டு கூவினால் சூரியன் என்னை மதிப்பானா?" என்பது அவன் வாதம்.

சாம்பலி கூரையிலிருந்தே கேட்டாள். "இந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது?"

"மெழுகன் சொன்னான்."

"யார்? என் வாலைத் தின்றவனா?"

"அவன் இப்போது திருந்திவிட்டான். அழகை அழகு என்று சொல்ல அவனுக்காவது மனம் இருக்கிறது. நீ என்னை ஒரு நாளாவது பாராட்டியிருக்கிறாயா?"

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. சாம்பலி மெல்லச் சொன்னாள்: "நான் பாராட்டவில்லை என்பது சரி. ஆனால் அவன் எதற்காகப் பாராட்டுகிறான் என்று நீ கேட்டாயா?"

மாதுளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த முறை மெழுகன் வந்தபோது அவன் குரல் இன்னும் இனிமையாக இருந்தது. "நாளை அம்மாள் மஞ்சள் பட்டை வைத்துவிடுவாராமே! இந்தத் தனிச் சிவப்பின் அழகை நீயே பார்க்காமல் போகப்போகிறாய். சரிவில் உள்ள பேரிக்காய் மரத்தடியில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. குனிந்தால் உன் உருவம் முழுவதும் தெரியும். மாலையில் மேய வரும்போது ஒரு முறை எட்டிப் பார்த்துவிடு."

"நீ அங்கே இருப்பாயா?"

"நானா? எனக்குக் காட்டின் மறுகோடியில் வேலை இருக்கிறது!"

நாள்தோறும் மாலையில் சுகிர்தம் அம்மாள் வேலிக் கதவைத் திறந்து கோழிகளைச் சரிவில் மேயவிடுவார். மூடுபனி இறங்கத் தொடங்கினால் முரசு மூன்று முறை கூவுவான். எல்லாக் கோழிகளும் உடனே கூட்டுக்குத் திரும்ப வேண்டும். அது அங்கே யாரும் மீறாத வழக்கம். அன்று மாலை மூடுபனி இறங்கியது. முரசு கூவினான். கோழிகள் திரும்பின. மாதுளை மட்டும் பேரிமரத்தை நோக்கி நடந்தாள்.

'ஒரே ஒரு பார்வை! பார்த்தவுடன் ஓடி வந்துவிடலாம்' என்று எண்ணிக்கொண்டாள்.

தண்ணீரில் குனிந்தாள். பனிக்குள் சிவப்பாக ஓர் உருவம் தெரிந்தது. அதன் பின்னால் இன்னோர் உருவமும் தெரிந்தது.

மாதுளை பாய்ந்து ஓட முயன்றாள். நனைந்த கம்பளி கல்லைப் போலக் கனத்தது. இரண்டடி போவதற்குள் மெழுகனின் பற்கள் சட்டையின் பின்விளிம்பைக் கவ்விவிட்டன. மாதுளை பழக்கப்படி உதறினாள். ஒன்றும் கழலவில்லை. மீண்டும் உதறினாள். சட்டை அவள் உடலை இன்னும் இறுக்கியதே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை.

"இறகு வாயோடு வந்துவிடும், கம்பளி வராது! இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்!" என்று பல்லிடுக்கில் உறுமினான் மெழுகன். "உன்னை முடித்துவிட்டு, மற்ற மூவருக்கும் சட்டை தயாராகும்வரை பொறுத்திருப்பேன்!"

அவன் அவளைப் புதரை நோக்கிப் பின்பக்கமாக இழுத்தான். மாதுளையின் நகங்கள் ஈரமண்ணில் கோடு கிழித்தன.

"காப்பாற்றுங்கள்! காப்பாற்றுங்கள்!"

கூட்டில் சாம்பலி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று குறைந்தது. அதே நொடியில் அலறலும் கேட்டது. வாலில்லாத அந்தக் கோழி பனிக்குள் தலைதெறிக்க ஓடி வந்தாள். கீரியைக் கொத்தினால் அவன் விடப்போவதில்லை. இறக்கையைப் பிடித்து இழுத்தால் இறக்கைதான் முறியும். அப்போது அவள் கண்ணில் அந்த நூல் பட்டது.

"மாதுளை! குறுக்கே திரும்பாதே! நேரே முன்னால் தள்ளு!" என்று கத்தினாள். தொங்கிய நூலை அலகால் கவ்வினாள். திரும்பிப் பாராமல் சரிவில் ஓடினாள்.

சுருக்கு அவிழ்ந்தது. முதல் வளையம் கழன்றது. அது அடுத்ததை அவிழ்த்தது. அது அதற்கடுத்ததை அவிழ்த்தது. கழுத்து வரிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சட்டையின் வாய் அகன்றது. தோள் வரைக்கும் அகன்றது. இறக்கைத் துளைகளையும் தாண்டி அகன்றது. மாதுளை முழுப் பலத்தோடு முன்னால் பாய்ந்தாள். சட்டை அவள் முதுகிலிருந்து வழுக்கிக் கழன்றது. வலுவாக இழுத்துக்கொண்டிருந்த மெழுகன் குட்டிக்கரணம் அடித்துப் புதருக்குள் விழுந்தான்.

இரண்டு கோழிகளும் வேலிக்குள் வந்து சேர்ந்தபின்தான் நின்றன. சாம்பலியின் அலகில் நூல் இன்னும் இருந்தது. அவள் அதைத் துப்பினாள்.

மாதுளை தலைகுனிந்து நின்றாள். எல்லோர் முன்னும் வெற்றுடலாக நிற்கிறோம் என்ற நினைவு அப்போதுதான் வந்தது. "சிரிப்பதானால் சிரித்துக்கொள்" என்றாள்.

"எதற்குச் சிரிக்க வேண்டும்? முதலில் உன் முதுகைப் பார்!" என்றாள் சாம்பலி.

மாதுளை கழுத்தை வளைத்துப் பார்த்தாள். வெறுந்தோலாக இருந்த முதுகு முழுவதும் இறகுக் குருத்துகள் முளைத்திருந்தன. கம்பளி அமுக்கியதால் சில வளைந்திருந்தன; சில ஒடிந்திருந்தன. இத்தனை நாள் தோலில் குத்தியவை அவைதாம்.

"கொஞ்சம் கோணலாக இருக்கிறது" என்றாள் சாம்பலி. பிறகு, பழக்கமில்லாத வேலையைச் செய்பவள் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனாலும் நிறம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.

மறுநாள் காலையில் சுகிர்தம் அம்மாள் பேரிமரத்திலிருந்து வேலிவரை நீண்டு கிடந்த சிவப்பு நூலைக் கண்டார். மண்ணில் கிழிந்திருந்த கோடுகளையும் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. பின்பு, பாதி பின்னியிருந்த மூன்று சட்டைகளையும் பிரித்தார். அந்த நூலில் தடிப்பான திரை ஒன்று பின்னி, குளிர்காற்று புகும் கூட்டின் சன்னலில் தொங்கவிட்டார். கோழிகள் அதற்கு ஒரு குறையும் சொல்லவில்லை.

மெழுகனின் பற்களிலோ கம்பளி வளையங்கள் சிக்கிக்கொண்டன. எவ்வளவு தேய்த்தும் ஒரு நூல் மட்டும் போகவில்லை. அவன் புதருக்குள் பதுங்கினால், பச்சை இலைகளுக்கிடையில் சிவப்பு நூல் ஆடும். "அதோ வருகிறான்!" என்று முரசு கூவிவிடுவான்.

மார்கழி பிறந்தபோது மாதுளையின் இறகுகள் நிறைவாக வளர்ந்துவிட்டன. ஒரு நாள் அவள் வேலியோரம் புழுதியில் புரண்டுகொண்டிருந்தாள். மெழுகன் வந்து நின்றான். அவன் பல்லில் நூல் தொங்கியது.

"ஆகா, மாதுளை! என்ன அழகான இறகுகள்!" என்றான்.

மாதுளை எழுந்து ஒரு முறை உதறினாள். புழுதி முழுவதும் அவன் முகத்தில் போய் விழுந்தது.

"அழகு கிடக்கட்டும். இழுத்தால் கழன்று வரும்! அதனால்தான் எனக்கு இவற்றைப் பிடிக்கிறது!" என்றாள்.

மெழுகன் தும்மிக்கொண்டே காட்டுக்குள் ஓடினான்.

ஒருவன் நம்மைப் புகழும்போது மகிழ்வதற்கு முன்பாக, அந்தப் புகழ்ச்சியால் அவனுக்கு விளையும் பயன் யாது என்று கேட்டறிந்துகொள்ள வேண்டும்.