ஐந்து பச்சை

ஒரு வழக்கு சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. பாதியிலேயே தலையை ஆட்டிவிடாமல் கடைசிவரை கேளுங்கள்.

தென்காசிப் பக்கம் ஆவுடையப்பன் என்று ஒரு கண்டக்டர். பஸ்ஸின் பின்படியில் நின்று அவர் போடும் சத்தம் டிரைவருக்கு மட்டுமா கேட்கும், அடுத்த நிறுத்தத்தில் நிற்பவருக்கும் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. முதலில் குரல் போயிற்று. முப்பத்தைந்து நாள் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சு என்பதெல்லாம் டாக்டர் பேச்சு. ஊர்ப் பேச்சில் அது கரண்டுதான்.

அவர் மனைவி உலகம்மாளிடம் டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "நடுவுல ஒரு நாள்கூட விட்டுறாதீங்கம்மா. விட்டா நோய்க்குத்தான் லாபம்." அதை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆவுடையப்பனின் செல்போனில் ஒரு செயலியும் ஏற்றிக் கொடுத்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு அது மணியடித்து ஐந்து கேள்வி கேட்கும். வலி எப்படி, விழுங்க முடிகிறதா, வாயில் புண் உண்டா, தூக்கம் வருகிறதா, எடை குறைந்ததா. நன்றாக இருந்தால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் நர்ஸ் ஜெபராணி கூப்பிடுவாள். "இனி உங்க வைத்தியம் உங்க கையில" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். குரல் போனவருக்கு விரலாவது பேசுகிறதே என்று உலகம்மாளுக்கு உண்மையாகவே சந்தோஷம். ஒரு குறை உண்டு. அது கேட்கும், அதனிடம் நாம் திருப்பிக் கேட்க வழி கிடையாது.

அதே ஊர் மைதீனின் வாடகை வேனில் அவர்களோடு இன்னும் நான்கு நோயாளிகள் கரண்டுக்குப் போய்வந்தார்கள். வண்டிக்குள் நோய்ப் பேச்சே கூடாது என்பது மைதீன் போட்ட சட்டம். பழைய சினிமாப் பாட்டு மட்டும் ஓடும்.

பன்னிரண்டாம் நாள் காலை, எச்சில் விழுங்கவே ஆவுடையப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இரண்டாவது கேள்விக்கு அவரே சிவப்பை அமுக்கினார். அரைமணியில் ஜெபராணி கூப்பிட்டாள். தொண்டைக்கு ஒரு மருந்து சொன்னாள். பிறகு, "இன்னைக்கு வர வேண்டாம்க்கா, நாங்க சொல்றப்ப வாங்க" என்று வைத்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்துத்தான் வரச் சொன்னார்கள். மருந்து வாங்க உலகம்மாள் மைதீன் வீட்டைத் தாண்டித்தான் போனாள். கழுவித் துடைத்த வேன் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்கிற மனநிலையில் அவள் இல்லை.

ஆவுடையப்பன் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: 'சிவப்பு அமுக்கினேன், கரண்டை நிறுத்திட்டான். இனிமே எல்லாம் பச்சைதான். நீயே அமுக்கு.' அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவள் சத்தியம் செய்துகொடுத்தாள்.

அன்றிலிருந்து ஏழு மணியானால் ஐந்து பச்சை. மோரில் கரைத்த அரை இட்லியை அவர் முக்கால் மணி நேரம் விழுங்குவார். அவளுக்குப் பார்க்கப் பொறுக்காது. கரண்டு வைக்கும்போது தலை அசையாமலிருக்க, முகத்தின் அளவுக்கே செய்த வலை முகமூடியை மேசையோடு பூட்டுவார்கள். ஆரம்பத்தில் அதன் தடம் கன்னத்தில் மதியம்வரை இருக்கும். இருபது நாளுக்கு மேல் தடமே விழவில்லை. முகம் தெளிந்துவருகிறது என்று அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

ஜெபராணிக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை நாள் கரண்டுக்குப் பிறகு தொண்டை பச்சை காட்டுமா? கூப்பிட்டுக் கேட்டாள்.

"அவுக நல்லா இருக்காக. ரெண்டு இட்லி சாப்பிட்டாக."

பின்னால் ஆவுடையப்பன் இருமி ஓய்வது ஜெபராணிக்குக் கேட்டது. சிவப்புக்காரர்களை மட்டும் கவனித்தால் போதும் என்பது அவளுக்கு இட்ட உத்தரவு. அன்றைக்கு நாற்பது பேர் சிவப்பு. "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

இருபத்தாறாம் நாள், பூட்டிய முகமூடிக்குள் முகம் ஆடுவதை டெக்னீஷியன் பார்த்தார். ஆள் எட்டு கிலோ இளைத்திருந்தார். கழற்றி எழுப்பினால் எழவில்லை. விழுங்கியது நுரையீரலுக்குப் போய்ச் சளியும் காய்ச்சலுமாகியிருந்தது. பத்து நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு டாக்டர் சொன்னார்: "பாக்கிக் கரண்டை இந்த உடம்பு தாங்காதும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி தெரியாம இருக்க மருந்து தர்றோம்."

ஆவுடையப்பன் பிழைக்க ஆசைப்பட்டுச் சத்தியம் வாங்கினார். உலகம்மாள் சத்தியத்தைக் காத்தாள். ஜெபராணி உத்தரவைக் காத்தாள். சொல்லுங்கள், இந்த மூவரில் சரியாக எதையாவது செய்தவர் யார்? தப்பு எங்கே தொடங்கியது?

விடை: அந்த மூன்று நாள் வேன் ஏன் நின்றது என்று கேட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள். ஒருவருக்கு மட்டும் கரண்டை நிறுத்தியிருந்தால் மற்ற நால்வரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓடியிருக்கும். மெஷின் பழுது, பச்சை அமுக்கினவர்களுக்கும் அந்த மூன்று நாள் கரண்டு இல்லை. அந்த ஒரு வார்த்தையை ஜெபராணி சொல்லவில்லை, இவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. தப்பு அங்கே தொடங்கியது. சரியாகச் செய்தவர் பன்னிரண்டாம் நாள் காலையில் சிவப்பை அமுக்கிய ஆவுடையப்பன். மறுபடி அமுக்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டாவது கஞ்சி கொடுத்திருப்பார்கள். வீடு திரும்பும்போது மைதீன் தன் சட்டத்தைத் தானே மீறி, "மெஷின் ரிப்பேருன்னு மூணு நாள் வண்டி நின்னுச்சே, அதுக்கப்புறம்தான் அண்ணாச்சி ரொம்ப வாடிட்டாக" என்றான். உலகம்மாள் மடியில் கிடந்தவரின் காதைப் பொத்தினாள். அதற்குள் அவர் கண் திறந்திருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வழக்கம்போல் மணியடித்துக் கேட்டது. அவள் ஐந்துக்கும் சிவப்பை அமுக்கினாள். எட்டு மணிவரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அவர் பெயரை ஆஸ்பத்திரிப் பட்டியலிலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை.