முன்னூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள்

மூலக்கூறு உயிரியல் துறையில் கோதண்டபாணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். தன் ஆய்வை முன்னூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பதாக எதிரே வந்தவரையெல்லாம் நிறுத்திச் சொல்வார். அந்த எண்ணைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. அவருக்குப் பாராட்டு விழா ஏற்பாடானது.

பேராசிரியர், நூலகத்தின் தற்காலிக ஊழியரான அஞ்சுகத்தைக் கூப்பிட்டார். "மேற்கோள் காட்டின அத்தனை பேரும் சனிக்கிழமை வந்தாகணும். கட்டுரைக்கு ஒரு நாற்காலி, அதுல எழுதினவர் பேர். ஆள் வரலேன்னா உனக்கு வேலை இல்லே."

அஞ்சுகம் இரண்டு நாள் அந்தக் கட்டுரைகளின் பட்டியலைப் புரட்டினாள். மூன்றாம் நாள், "எல்லாரும் வந்துடுவாங்க சார்" என்றாள்.

சனிக்கிழமை துணைவேந்தர் அம்மா அரங்குக்குள் நுழைந்தார். நாற்காலிகள் எல்லாம் காலி. "எங்கேம்மா ஆளுங்க?"

"வந்துட்டாங்க மேடம். பேரைப் பாருங்க."

முதல் நாற்காலியில் கோதண்டபாணி என்று ஒட்டியிருந்தது. அடுத்ததிலும் கோதண்டபாணி. கடைசி வரிசை வரைக்கும் கோதண்டபாணி.

"சார் எழுதினதை சார்தான் மேற்கோள் காட்டியிருக்காரு மேடம். வேற ஒருத்தரும் காட்டலை."

பேராசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. "வேலைன்னா இப்படித்தான் பார்க்கணும்" என்று அஞ்சுகத்தைத் தட்டிக்கொடுத்த துணைவேந்தர், சிரிப்பை அடக்கிக்கொண்டு பொன்னாடையைப் பிரித்தார்.

"சரி சார், இதை எந்த நாற்காலிக்குப் போர்த்தணும்?"