மாவிலங்கம் முந்திப் பூத்த வருடம்

பூமிநாதன் முப்பத்தாறு வருடம் சின்னச் சின்ன ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று, கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷன் வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த அவர் மனைவி கேட்டார்.

"உங்க தலைக்கு மேல நிக்குதே, அது என்ன மரம்?"

பதினோரு வருடம் அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். அவருக்குத் தெரியவில்லை. பூக்குமா, காய்க்குமா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி அவரை விடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. சித்திரை பிறந்ததும் அவர் மெய்யம்மையைத் தேடிப் போனார்.

மெய்யம்மை ஒரு பெரிய கண்மாயின் கரையில், ஓடு வேய்ந்த சிறு குடிலில் தனியாக இருந்தார். அங்கே வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. பறவைகளையும் செடிகொடிகளையும் அறிந்தவர் என்று பெயர். வெளியூர்களிலிருந்து சிலர் வருவார்கள், சில மாதம் கூட இருந்து கற்றுக்கொண்டு போவார்கள். ஊரில் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நான் உங்களைவிடப் பத்துப் பன்னெண்டு வயசு மூத்தவன்மா. எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்றார் பூமிநாதன்.

"என்ன தெரியணும்?"

"பேரெல்லாம் தெரியணும்."

"பேரு புத்தகத்துல இருக்கு. வேற?"

பூமிநாதன் யோசித்தார். "வேற என்னன்னு தெரியலைங்க."

"அப்ப உட்காருங்க" என்றார் மெய்யம்மை.

அன்றிலிருந்து தினமும் டவுனிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில் வந்தார். வெயில் சாய்ந்ததும் திரும்பிப் போனார். கழுத்தில் ஒரு பைனாகுலர், சட்டைப் பையில் ஒரு நோட்டு.

ஒரு நாள் தண்ணீர் ஓரத்தில் நின்ற பறவையைக் காட்டிக் கேட்டார். "அது என்னங்கம்மா?"

"என்ன செய்யுது?"

"சும்மா நிக்குது."

"ஒத்தக் கால்லயா, ரெண்டு கால்லயா?"

பூமிநாதன் திரும்பிப் பார்ப்பதற்குள் அது பறந்துவிட்டது. அவ்வளவு நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எத்தனை கால் என்று சொல்ல முடியவில்லை. நோட்டில் எதை எழுதுவது என்று புரியாமல் மூடி வைத்தார்.

அந்தக் கண்மாயின் நடுவில் கருவேல மரங்கள் நிற்கும். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்ததும் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து அந்த மரங்களின் உச்சியில் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை நாயோ நரியோ அங்கே போக முடியாது. அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீர் மிஞ்சியதும் மடையை அடைத்துவிடுவார்கள். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. மடையை மறுபடி எப்போது திறக்கலாம் என்று மெய்யம்மை சொல்வார்.

"அம்மா எப்படிச் சொல்றாங்க?" என்று பூமிநாதன் ஒருமுறை சோலைமலையிடம் கேட்டார். சோலைமலைதான் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுபவர்.

சோலைமலை கரையில் நின்ற மரத்தைக் காட்டினார். "இந்தா நிக்குதுல்ல மாவிலங்கம். பங்குனியில இலையெல்லாம் கொட்டிட்டுப் பூக்கும். அன்னைக்கு அம்மா ஊருக்குள்ள வந்து, மாவிலங்கம் பூத்திருச்சுன்னு சொல்லும். நாங்க திறந்துவிடுவோம். ஒரு வருசம் தப்புனதில்ல."

பூமிநாதனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஸ்டேஷனில் கைகாட்டி இறங்கினால் வண்டி போகலாம். அந்த மாதிரி இங்கேயும் ஒன்று இருக்கிறது. நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அவர் வந்த பிறகு நோட்டில் தெளிவாக எழுதிய முதல் வரி அதுதான்.

அந்த வருடம் மழை கார்த்திகையோடு நின்றுவிட்டது. மார்கழியில் பனி இல்லை. தை மாதத்திலேயே வெயில் சுட்டது. தை முடியும் நேரத்தில் மெய்யம்மையின் அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தகவல் வந்தது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மெய்யம்மை சொன்னார். "மடையைப் பத்திக் கேட்டு வருவாங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க."

"பங்குனிக்குள்ள நீங்க வந்துருவீங்களேம்மா."

"வந்துருவேன். வர முடியலேன்னா."

மெய்யம்மையிடம் போன் கிடையாது. எந்த ஆஸ்பத்திரி என்று பூமிநாதனும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாசி பிறந்த ஐந்தாம் நாள் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கரையேறியபோது மாவிலங்கம் பூத்திருந்தது. ஒரு இலை இல்லை. கிளை முழுக்க வெள்ளைப் பூ. சில பூக்கள் அதற்குள் மஞ்சள் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன. பூவுக்குள்ளிருந்து பூனை மீசைபோல நீளநீளமாக இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. மரத்தைச் சுற்றித் தேனீக்களின் இரைச்சல். அவர் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மாதம் நினைவுக்கு வந்தது.

பத்து மணிக்குச் சோலைமலை வந்தார். கூட நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் வாய்க்காலின் கடைசி வயல்காரர்கள்.

"ஐயா, பூத்திருச்சு" என்றார் சோலைமலை.

"பார்த்தேன்."

"கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்த ஒரு தண்ணி கிடைச்சா பொழைச்சுக்கும். இல்லேன்னா மாட்டுக்குத்தான். திறந்திரவா?"

"இது மாசிதானே. ஒரு மாசம் முந்தி பூத்திருக்கே."

"வெயிலும் ஒரு மாசம் முந்தி வந்திருச்சு. மழையும் முந்தி நின்னுருச்சு. எல்லாம் முந்தித்தான் நடக்குது இந்த வருசம்."

அது சரி என்றுதான் தோன்றியது. ஆனாலும் பூமிநாதன் பைனாகுலரை எடுத்துக் கருவேல மரங்களைப் பார்த்தார். கூடுகளில் குஞ்சுகள் தாய்ப்பறவை உயரத்துக்கு எழுந்து நின்றன. பல குஞ்சுகள் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தன. சின்னக் குஞ்சு என்று எதுவும் கண்ணில் படவில்லை. இருந்தும் ஒரு நாள் அவகாசம் கேட்டார். அன்று முழுக்கக் கரையில் நடந்தார். நாள்காட்டி ஒன்று சொன்னது, மரம் ஒன்று சொன்னது. நாள்காட்டி மனுஷன் போட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை "திறங்க" என்றார்.

இரண்டு நாளில் கண்மாய் வற்றியது. மூன்றாம் நாள் அவர் வந்து இறங்கியபோதே சத்தம் கேட்டது. கருவேல மரங்களுக்கு அடியில் சேறு. சேற்றில் ஐந்தாறு நாய்கள். மேலே குஞ்சுகள் பயந்து கூட்டைவிட்டுக் குதித்தன. இறக்கையை விரித்தன, ஆனால் ஒன்றாலும் பறக்க முடியவில்லை. கல் மாதிரி சேற்றில் விழுந்தன. பெரிய நாரைகள் உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டு கீழே இறங்காமல் இருந்தன.

பூமிநாதன் செருப்போடு சேற்றில் இறங்கி ஓடினார். முழங்கால்வரை புதைந்தது. கையிலிருந்த குடையால் நாய்களை விரட்டினார். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்தன. சத்தம் கேட்டுச் சோலைமலை கம்போடு ஓடி வந்தார். இருவரும் மத்தியானம்வரை அப்படியே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மெய்யம்மை வந்தார். பையைக் கரையில் வைத்துவிட்டு, வற்றிய கண்மாயைப் பார்த்தார். பூத்து நின்ற மரத்தைப் பார்த்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"நீங்கதானேம்மா பார்த்துட்டுச் சொல்லச் சொன்னீங்க" என்றார் பூமிநாதன். "நான் பார்த்தேன். நல்லாத்தான் பார்த்தேன்."

மெய்யம்மை குனிந்தார். விழுந்து கிடந்த ஒரு குஞ்சைத் தூக்கினார். அது பயத்தில் பாதி செரித்த மீனை அவர் தோளில் கக்கியது.

"சோலைமலை, ஊருக்குள்ள போயி அரிவாளோட ஆளுகளக் கூட்டிட்டு வாங்க. சீமைக்கருவேல முள்ளை வெட்டி மரத்தைச் சுத்தி அடைங்க. தண்ணி செஞ்ச வேலைய முள்ளு செய்யட்டும்."

நாற்பது பேர் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு நாள் முள் வெட்டி, ஆள் உயரத்துக்கு வேலி போட்டார்கள். விழுந்த குஞ்சுகளை வேலிக்குள் விட்டார்கள். சில தாய்ப்பறவைகள் தயங்கித் தயங்கிக் கீழே வந்து ஊட்டின. சில வரவேயில்லை. மடையை ஒட்டிய பள்ளத்தில் தேங்கியிருந்த மீன்களைப் பூமிநாதன் கூடையில் அள்ளி வந்து போட்டார். சில குஞ்சுகள் தின்றன. சில அவரைப் பார்த்துக்கொண்டே நின்று, மறுநாள் செத்துக் கிடந்தன. எது தின்னும், எது தின்னாது என்று அவரால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களில் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நோட்டையும் தொடவில்லை.

பங்குனி பாதியில் பாதிக் குஞ்சுகள் பறந்தன. மீதிப் பாதி மண்ணுக்குள் இருந்தது.

மறுவாரம் சோலைமலை ஒரு பெட்டி நிறையப் புது அரிசி கொண்டுவந்தார். குடில் வாசலில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"நல்லா வெளைஞ்சிருக்கும்மா. கடைசி வயல் வரைக்கும் வெளைஞ்சிருக்கு." பெட்டியைப் பார்த்தார். "சந்தோசப்படுறதா என்னன்னு தெரியல. வீட்ல பொங்கல் வெச்சோம். எனக்கு எறங்கல."

"புள்ளைங்க சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு."

"அது போதும். வெச்சுட்டுப் போங்க."

மெய்யம்மை அந்த அரிசியை உலையில் போட்டார். சாதத்தை வடித்து, மோர் ஊற்றிப் பூமிநாதன் முன் வைத்தார். பூமிநாதன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க" என்றார் மெய்யம்மை.

"முடியலைங்கம்மா."

"நெல்லு என்ன செஞ்சுச்சு?"

பூமிநாதன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். விழுங்கியதும் கையை எடுத்துவிட்டார். ஒரு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அந்தப் பூ ஏன்மா பொய் சொல்லுச்சு?"

"யார்கிட்ட சொல்லுச்சு?"

"என்கிட்ட. எல்லார்கிட்டயும். இருபது வருசம் உங்ககிட்ட உண்மைய சொல்லிட்டு, என்கிட்ட ஏன் பொய் சொல்லுச்சு?"

மெய்யம்மை தன் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நான் பூவைப் பார்த்துச் சொன்னதில்ல."

பூமிநாதன் நிமிர்ந்தார்.

"பங்குனி பொறந்ததும் தெனமும் விடியிற நேரத்துல தண்ணிக்குள்ள இறங்கிப் போவேன். ஒவ்வொரு மரமா நின்னு பார்ப்பேன். எந்தக் குஞ்சு பறக்குது, எது இன்னும் கூட்டுலயே நின்னு இறக்கை அடிக்குதுன்னு பார்ப்பேன். எல்லாம் போனதுக்கப்புறம்தான் சொல்லுவேன். அன்னைக்குத் தண்ணியிலருந்து கரையேறும்போது, மாவிலங்கம் பூத்திருக்கும். அவ்வளவுதான்."

"நான் வர்றது ஒன்பது மணி பஸ்ஸுக்கு" என்றார் பூமிநாதன், மெதுவாக.

"ஆமா."

"கெளம்புறப்ப இதை ஏன் எனக்குச் சொல்லல?"

"எனக்குத் தோணல. நீங்க கேட்டிருந்தாக்கூட, மாவிலங்கம் பூத்தா சொல்லுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

பூமிநாதனுக்குக் கோபப்படுவதா, வேண்டாமா என்று தெரியவில்லை. வெளியே கரையில் அந்த மரம் பூவெல்லாம் உதிர்த்துவிட்டுத் தளிர் விட்டிருந்தது.

"பார்த்தது கூட்டை. அப்புறம் ஊருக்குள்ள போயி ஏன் பூவைச் சொன்னீங்க?"

மெய்யம்மை சொன்னார்.

"மொத வருசம் கூட்டைத்தான் சொன்னேன். கூடெல்லாம் காலியாயிருச்சு, திறந்துக்கங்கன்னு. நல்ல காரியத்துக்குத் தண்ணி திறக்கிறப்ப காலின்னு சொல்லலாமான்னு கேட்டாங்க. எல்லார் மொகமும் வாடிப்போச்சு. அடுத்த வருசம் மாவிலங்கம் பூத்திருச்சுன்னு சொன்னேன். அது எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. எனக்கும்."